ஒரே நிரல், வேறு வேறு பலகைகள்

சித்தூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து ஒரே பேருந்து காலையில் திருப்பதிக்கும் மாலையில் வேலூருக்கும் புறப்படுவதாக வைத்துக்கொள்ளலாம். எந்திரம் அதுவே, இருக்கைகளும் அவையே. முகப்பில் உள்ள ஊர்ப்பெயர்ப் பலகை மட்டும் மாறும். மாலையில் பலகையை மாற்ற மறந்தால், திருப்பதிக்கு என்று ஏறியவர் வேலூரில் இறங்க நேரும்.

இணையதளங்களுக்கும் இத்தகைய பலகை ஒன்று உண்டு. அதற்கு அமைவுக் கோப்பு என்று பெயர்.

திருமலையில் சிறப்பு நுழைவுத் தரிசனத்திற்கான 300 ரூபாய்ச் சீட்டுகள் இணையம் வழியே முன்பதிவு செய்யப்படுகின்றன. இதுபோன்ற முன்பதிவுத் தளம் ஒன்றின் நிரல் மூன்று இடங்களிலேனும் இயங்கும்: நிரலாளரின் மடிக்கணினி, பிழை காண்பதற்கான சோதனைத் தளம், பக்தர்கள் பயன்படுத்தும் உண்மைத் தளம். மூன்றிலும் நிரல் ஒன்றே. தரவுத்தளத்தின் முகவரி, அதன் கடவுச்சொல், பணம் செலுத்தும் சேவைக்கான திறவுகோல் ஆகியவையோ இடத்திற்கு இடம் வேறுபடும். சோதனைத் தளத்தில் செலுத்தப்படுவது போலிப் பணம். உண்மைத் தளத்தில் அது மக்களின் பணம்.

நிரலாளர் ஒருவர் தம் மடிக்கணினியில், முன்பதிவுகளை நீக்கும் பகுதியைச் சோதித்துப் பார்க்கிறார். அவரது அமைவுக் கோப்பு தவறுதலாக உண்மைத் தரவுத்தளத்தைச் சுட்டினால், நாள் குறித்துக் காத்திருக்கும் ஒரு குடும்பத்தின் சீட்டு நொடியில் அழிந்துவிடும். நிரலில் பிழையே இல்லை, பலகைதான் தவறு.

2024 சனவரியில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் இணையதள முகவரி மாறியது. இவ்வகை மாற்றம் வரும்போது, முகவரி ஒரே கோப்பில் இருந்தால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். நிரலெங்கும் சிதறிக் கிடந்தால், ஏதேனும் ஒன்று விடுபட்டுப் போவது பெரும்பாலும் உறுதி.

உலாவியில் இயங்கும் பகுதிக்கு மற்றொரு நுட்பம் உண்டு. அங்கே நிரலைத் தொகுக்கும்போதே அமைவுக் கோப்பின் மதிப்புகள் அதனுள் பதிந்துவிடுகின்றன. பிறகு கோப்பைத் திருத்தினாலும் பயனில்லை. மீண்டும் தொகுக்க வேண்டும். அவ்வாறு பதிந்தவற்றை எவரும் உலாவியிலேயே பார்த்துவிடலாம் என்பதால், கடவுச்சொற்கள் அப்பகுதிக்குள் செல்லவே கூடாது. அவை வழங்கிக் கணினியில் மட்டுமே இருத்தல் வேண்டும்.

நிரலைச் சேமித்துவைக்கும் களஞ்சியத்திலும் கடவுச்சொற்களை வைத்தலாகாது. 2016 ஆம் ஆண்டில் ஊபர் நிறுவனப் பொறியாளர்களின் கிட்ஹப் களஞ்சியத்திற்குள் நுழைந்த இருவர், அங்கிருந்த திறவுகோலைக் கொண்டு பயணிகள், ஓட்டுநர்கள் என 5 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களைக் கவர்ந்தனர். அக்களஞ்சியம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கப்பட்டது கூட அன்று. பூட்டிய அறைக்குள் கிடந்த சாவிதான் களவு போயிற்று.

இதனால், உண்மையான அமைவுக் கோப்பைக் களஞ்சியத்தில் சேராதவாறு விலக்கி வைப்பது வழக்கம். அதற்கு மாற்றாக, பெயர்கள் மட்டும் எழுதி, மதிப்புகளை வெற்றிடமாக விட்ட மாதிரிக் கோப்பு ஒன்று அங்கே இருக்கும். புதிதாகப் பணியில் சேர்பவர் அதைப் படியெடுத்து, சோதனைக்குரிய மதிப்புகளை நிரப்பிக்கொண்டு வேலையைத் தொடங்குவார்.