வாழைப்பழ மணம் எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவில் கோதுமையைக் கொண்டு ஒரு வகை பீர் தயாரிக்கிறார்கள். கலங்கிய மஞ்சள் நிறம். மேலே திரண்ட வெண்ணுரை. குவளையை மூக்கருகே கொண்டுசென்றால் வாழைப்பழ மணம் வீசும். அதனூடே இலேசாகக் கிராம்பு வாசனையும் தெரியும். ஆனால் அதில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. எசன்ஸ் ஒரு சொட்டுக்கூடச் சேர்ப்பதில்லை. கோதுமை, பார்லி, ஹாப் பூ, தண்ணீர் ஆகியவற்றைத் தனித்தனியே முகர்ந்து பார்த்தாலும் வாழைப்பழம் நினைவுக்கு வராது. அப்படியானால் அந்த மணம் எங்கிருந்து வந்தது?

விடை பீரின் பெயரிலேயே இருக்கிறது. அதன் பெயர் ‘ஹெஃபவைட்சன்’. ‘வைட்சன்’ என்றால் கோதுமை. ‘ஹெஃப’ என்றால் ஈஸ்ட். மணத்தை உண்டாக்குவது இந்த ஈஸ்ட்தான்.

1516இல் பவேரியக் கோமகன்கள் ஒரு சட்டம் இயற்றினார்கள். பார்லி, ஹாப், தண்ணீர் இவற்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரக்கூடாது என்பது சட்டம். ஈஸ்ட் அதில் இல்லை! அப்படியோர் உயிர் இருப்பதே அன்று யாருக்கும் தெரியாது. அது 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டர் முதலியோரின் ஆய்வால் தெளிவானது. கோதுமையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்கு மட்டும் கோதுமை பீருக்கு விலக்கு இருந்தது. 1602இல் அக்குடும்பம் வாரிசின்றிப் போக, உரிமை கோமகன் மாக்சிமிலியனிடம் சேர்ந்து அரசுக் கருவூலத்தை நிரப்பியது. சாதாரணத் தொழிலாளர் கைக்கு அது வர நெடுங்காலம் ஆயிற்று.

இன்று ஜெர்மனியில் பலர் இந்தப் பீரை வீட்டுச் சமையலறையிலேயே காய்ச்சுகிறார்கள். குறிப்பிட்ட அளவுவரை அதற்கு வரிகூட இல்லை. (தமிழ்நாட்டில் உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம். ஆகவே இதை இரசாயனப் பாடமாகவே படியுங்கள்.)

இருபது லிட்டருக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ ‘மால்ட்’ தேவை. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம். அதில் பாதிக்கு மேல் கோதுமை, மீதி பார்லி. முழுவதும் கோதுமையாக இருந்தால் என்ன? கோதுமையின் உமி போரடிக்கும்போதே நீங்கிவிடும். பார்லியின் உமியோ ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு சாற்றை வடிகட்ட அந்த உமிதான் சல்லடை. அது இல்லையேல் எல்லாம் களியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

பொடித்த மால்ட்டை வெந்நீரில் கலந்து முதலில் சுமார் 45° செ. வெப்பத்தில் கால் மணி நேரம் வைக்கிறார்கள். தானியச் செல்களின் சுவரில் ஃபெரூலிக் அமிலம் என்ற பொருள் பிணைந்திருக்கிறது. இந்த வெப்பநிலையில் மால்ட்டிலுள்ள ஒரு நொதி அதை வெட்டி விடுவிக்கிறது. பிறகு வெப்பத்தை 63° செ. அளவுக்கு உயர்த்தினால், வேறு நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும்.

வெப்பமானி இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? கலவையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்கவைத்து மீண்டும் ஊற்றினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு பங்கு 45°, ஒரு பங்கு 100°, கலந்தால் சுமார் 63°! பாத்திரம் இழுத்துக்கொள்ளும் வெப்பத்தை நாம் விட்டுவிட்டோம். ஆனாலும் அந்தக் கைப்பழக்கத்தின் துல்லியத்தை மெச்சத்தான் வேண்டும்.

வடித்த சாற்றை ஹாப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு சாராயத்தையும் கரியமில வாயுவையும் தருவதைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். பாடநூல் சொல்லாதது, அது போகிற போக்கில் செய்யும் வேறு வேலைகள். ஃபெரூலிக் அமிலத்திலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது 4-வினைல் குவாயகால். கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலுக்கு இது நெருங்கிய உறவு.

பெரும்பாலான பீர்களில் இந்த வாசனை ஒரு குற்றமாகவே கருதப்படுகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 157 ஈஸ்ட் வகைகளின் மரபணுக்களைப் படித்தார்கள். பீர் ஈஸ்ட்களில் மிகப் பலவற்றில் இந்த வேலைக்கான மரபணுக்கள் பழுதாகியிருந்தன. வாசனை பிடிக்காத மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்டியதன் விளைவு அது. கோதுமை பீரின் ஈஸ்ட்களிலோ அவை கெடாமல் இருந்தன.

இனி வாழைப்பழத்துக்கு வருவோம். ஐசோஅமைல் ஆல்கஹாலுடன் அசிட்டிக் அமிலமும் சில சொட்டு அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்கினால் ஆய்வுக்கூடத்தில் வாழைப்பழ மணம் எழும். அதுதான் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர். பழத்திலுள்ளதும் அதுவே. ஈஸ்ட் அதே பொருளைக் கந்தக அமிலமின்றி, நொதியின் துணையால், தன் செல்லுக்குள் தயாரிக்கிறது. லிட்டருக்குச் சில மில்லிகிராம் போதும், நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

வீட்டில் காய்ச்சுபவரின் சாமர்த்தியம் இங்கேதான். 17° அளவில் நொதிக்கவிட்டால் கிராம்பு முன்னே நிற்கும். 22°க்கு மேல் போனால் வாழைப்பழம் ஓங்கும். பாத்திரத்தின் உயரமும் முக்கியம். உயர்ந்த கலத்தில் கரியமில வாயு மிகுதியாகக் கரைந்து நின்று எஸ்டர் உண்டாவதைத் தடுக்கும். ஆழம் குறைந்த திறந்த தொட்டிகளைப் பவேரியர்கள் விரும்பியது வீணல்ல.

கடைசியில் ஓர் அபாயம் உண்டு. இந்தப் பீரில், லிட்டருக்கு மூன்று லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயு கரைந்திருக்கும். நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால் கண்ணாடி வெடித்துச் சிதறும். ஆகவே திரவமானி இரண்டு மூன்று நாள் ஒரே அளவைக் காட்டிய பின்பே, தடித்த புட்டிகளில் அளந்த சர்க்கரையுடன் அடைக்கிறார்கள். சில வாரங்களில் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும். ஊற்றும்போது கடைசி இரண்டு விரற்கடைப் பீரைப் புட்டியிலேயே நிறுத்திச் சுழற்றி, அந்த வண்டலையும் குவளையில் சேர்ப்பது அவர்கள் வழக்கம்.