உங்களுக்குத் தெரியுமா? முட்டையிட்ட பெட்டையும் கூவும்

முட்டையிட்டுவந்த பெட்டைக்கோழி கொண்டை பெருத்து, காலில் முள் வளர்ந்து, சேவலைப் போலக் கூவத் தொடங்குவது அரிதாயினும் உண்மையில் நிகழக்கூடியதே.

• பெட்டையின் உடலில் கருமுட்டையை உருவாக்கும் உறுப்பான சூலகம் இடப்பக்கத்தில் மட்டுமே முழுமையாக வளர்ந்து இயங்குகிறது; நோயாலோ கட்டியாலோ அது சிதைந்தால், வளராது கிடந்த வலப்பக்க உறுப்பு விந்தகத்தின் தன்மையைப் பெற்று ஆண் இயக்குநீரைச் சுரக்கக்கூடும்.

• இதனினும் வியப்புக்குரியது இறகின் இயல்பு: சேவலின் பகட்டான தோகையே கோழியினத்தின் அடிப்படைக் கோலமாக இருக்க, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் இயக்குநீர் அதைத் தடுத்தே பெட்டையின் எளிய இறகை உண்டாக்குவதால், சூலகம் செயலிழந்த பெட்டை அடுத்த இறகுதிர்வுக்குப் பின் சேவலின் தோற்றத்தைப் பெறுகிறது. மரபணுவில் அது பெட்டையாகவே நீடிக்கிறது.

• இத்தகைய மாற்றம் புரியாத காலத்தில், இன்றைய சுவிட்சர்லாந்திலுள்ள பாசெல் நகரில் 1474ஆம் ஆண்டு, முட்டையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சேவல் ஒன்று விசாரிக்கப்பட்டு எரிக்கப்பட்டது.

• வீட்டு முற்றத்தில் ‘பெட்டை’ சேவலாவது பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தில் பால் தவறாகக் கணிக்கப்பட்டதாலேயே. ஏறத்தாழ மூன்று மாதத்தில் வால் அடியருகே தோன்றும் கூர்முனை இறகுகள் பெரும்பாலான இனங்களில் சேவலை அடையாளம் காட்டிவிடும்.