வேப்பர் சேம்பர் இருந்தால் போன் சுடாதா?

கத்திரி வெயிலில், மதிய நேரத்துச் சிக்னலில் நிற்கும் டெலிவரி இளைஞர்களைக் கவனித்திருப்பீர்கள். வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டிய போனை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மங்கிப்போன திரையில் வழியைத் தேடுவார்கள். திரை மங்குவது கோளாறு அல்ல. சூடு தாங்காத போன் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சார்ஜ் ஏறுவதையும் நிறுத்திவைக்கும். அதற்கும் சூடு அடங்காவிட்டால், ஆறும்வரை பயன்படுத்த முடியாது என்று அறிவித்துவிடும். போனை நம்பிப் பிழைப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் ஓர் ஆர்டரின் கூலி.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக இப்போது விளம்பரங்களில் 'வேப்பர் சேம்பர்' என்ற பெயர் அடிபடுகிறது. அதை நம்பிக் கூடுதலாகச் சில ஆயிரங்களைக் கொடுக்கலாமா? அது தீர்க்கும் சூடு ஒன்று, நம் ஊர் வெயிலில் போன் படும் சூடு வேறொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் முடிவெடுப்பது எளிது.

போன் செலவழிக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. கேம் ஆடும்போது அதில் பெரும்பங்கு விரல்நக அளவே உள்ள பிராசசரில் பிறக்கிறது. மடிக்கணினியில் இருப்பதுபோல் மின்விசிறி பெரும்பாலான போன்களுக்குள் கிடையாது. திரை, முதுகு ஆகிய இரண்டு பரப்புகள் வழியாகத்தான் சூடு காற்றில் கலந்தாக வேண்டும். உத்தேசமாக ஒரு கணக்குப் போடலாம். பெரிய போன் ஒன்றின் முன்னும் பின்னும் சேர்த்து 250 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அறை 25 டிகிரியில் இருக்கிறது, போனின் மேற்பரப்பு கை பொறுக்காத 43 டிகிரியைத் தொட்டுவிட்டது என்றால், அது நாலரை வாட் அளவு வெப்பத்தை வெளியே தள்ளும். காற்றே 40 டிகிரியில் கொதிக்கும் நாளில் அதே போனால் ஒரு வாட்கூடத் தள்ள முடியாது. சூடு வெளியேற, வெளியே குளிர்ச்சி வேண்டும். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் 0 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் சொல்வதும் இதனால்தான். மே மாதச் சென்னை அந்த எல்லையைப் பல நாள் மதியத்துக்கு முன்பே தாண்டிவிடும்.

இனி வேப்பர் சேம்பருக்கு வருவோம். பெயர்தான் புதிது, உள்ளே நடப்பது இட்லிப் பானையில் நடப்பதுதான். அடியில் இருக்கும் தண்ணீர் சூட்டை வாங்கி ஆவியாகிறது. ஆவி மேலே போய் மூடியில் பட்டு, சூட்டை மூடிக்குக் கொடுத்துவிட்டு நீராகச் சொட்டுகிறது. போனில் இதற்கு இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளை, பெரும்பாலும் செம்பை, விளிம்பில் ஒட்டி மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி நீரை மட்டும் விடுகிறார்கள். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது அல்லவா? காற்றே இல்லாத அந்தத் தகட்டுக்குள் 40 டிகிரிச் சூடே நீரை ஆவியாக்கப் போதும். போனை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் நீர் பிராசசருக்கு அடியில் திரும்பி வந்தாக வேண்டும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், உள்ளே பதித்த நுண்ணிய வலை அதை இழுத்து வருகிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதையே ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் வேண்டும். சில துளிகள் இவ்வளவு வேலை செய்வதன் ரகசியம் இதில் இருக்கிறது.

இது நேற்று வந்த யோசனையும் அல்ல. இதற்கு அண்ணன் முறையான வெப்பக் குழாயை ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் 2013-லேயே ஒரு போனில் வைத்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்7-இலும் அது வந்தது.

ஆனால் வேப்பர் சேம்பர் சூட்டைப் பரப்புகிறது, அவ்வளவுதான். அடியில் செம்பு பூசிய எவர்சில்வர் பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் எவர்சில்வரில் தீ படும் இடத்தில் மட்டும் அடிப்பிடிக்கும். செம்பு பூசினால் சூடு எங்கும் சமமாகப் பரவும். அதனால் அடுப்பின் தீ குறைந்துவிடுவதில்லை. போனிலும் ஒரு மூலையில் குவிந்த சூடு முதுகு முழுக்கப் பரவி, முழுப் பரப்பும் காற்றில் ஆற உதவுகிறது. அரை மணி நேரம் கேம் ஆடினாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது. ஏ.சி. அறையில் இருப்பவருக்கு இது உண்மையான லாபம்.

உலோகத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2023 செப்டம்பரில் டைட்டானியச் சட்டத்துடன் வந்த ஐபோன் 15 புரோ சுடுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். எவர்சில்வரைப்போலவே டைட்டானியமும் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் என்பதால் சந்தேகம் அதன்மேல் விழுந்தது. வடிவமைப்பு காரணமல்ல, ஐஓஎஸ் 17-இல் இருந்த பிழையும் சில ஆப்களுமே காரணம் என்றது ஆப்பிள். அக்டோபரில் 17.0.3 அப்டேட் வந்தது. 2025-இல் வந்த ஐபோன் 17 புரோவில் டைட்டானியம் போய் அலுமினியம் வந்தது, வேப்பர் சேம்பரும் சேர்ந்தது. இதில் நமக்குப் பயன்படுவது ஒன்று உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த போன் திடீரென்று சுட்டால், புதுப் போனுக்குப் போகுமுன் பேட்டரி செட்டிங்கில் எந்த ஆப் அதிகம் தின்கிறது என்று பாருங்கள், அப்டேட் செய்யுங்கள். செலவில்லாமலே தீர்ந்துவிடலாம்.

வெயிலில் நிற்கும் போனின் கதை வேறு. உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் கொட்டுகிறது. போனின் முகப்பு 120 சதுர சென்டிமீட்டர் என்றால் அதன்மேல் விழுவது 12 வாட். கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். குளிர்ந்த அறையில் போன் வெளியேற்றக்கூடிய சூட்டைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சூரியனே உள்ளே திணிக்கிறது. எந்தத் தகடும் இதைச் சமாளிக்காது. ரெட் மேஜிக் போன்ற சில கேமிங் போன்களில் உள்ளேயே சிறு மின்விசிறி உண்டு. அது காற்றை ஓட்டிச் சூட்டை விரைவாக வெளியேற்றுகிறது. ஆனாலும் 40 டிகிரிக் காற்றை வீசி 40 டிகிரிக்குக் கீழே இறக்க முடியாது.

சூட்டில் முதலில் தேய்வது பேட்டரி. அதனால் தலையணைமேல் வைத்து சார்ஜ் போடாதீர்கள், கவரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். வயர்லெஸ் சார்ஜிங் கூடுதல் சூடு தரும், கோடையில் வயரே நல்லது. சுடுகிற போனை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, உள்ளே ஈரம் கோத்துவிடும். நிழலில், ஃபேனுக்கு அடியில் வைத்தால் போதும்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போனுக்கு ஃபேன். சிக்னலில் அது நின்றுவிடுகிறது, வெயில் நிற்பதில்லை. டெலிவரி இளைஞருக்கு நான் சொல்வேன்: திரைக்கு மேல் தொப்பிபோல் ஒரு சிறு மறைப்பு மாட்டுங்கள் தம்பி. ஓர் அட்டைத் துண்டானாலும் சரி, அந்த 12 வாட்டில் பெரும்பகுதி போனைத் தொடாது.