13 சேர்த்தால் ஜோடி! மவுஸ் பழக ஒரு சீட்டாட்டம்

ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்து ஒரகடம் ரோடு பிரியும் சிங்கப்பெருமாள் கோவிலில் ஷிப்ட் பஸ்ஸுக்காக நிற்பவர்களைப் பாருங்கள். எல்லார் கையிலும் போன், எல்லார் விரலும் திரையில். கம்பெனியிலும் பல மெஷின்களுக்கு டச் ஸ்கிரீன் வந்துவிட்டது. இப்படிப் பழகியவர்கள் பிள்ளைகள் படிப்புக்கென்று வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால், மவுஸைப் பிடித்தவுடன் தடுமாறுகிறார்கள். அம்புக்குறி ஒரு பக்கம் ஓடுகிறது, கை ஒரு பக்கம் ஓடுகிறது. டபுள் கிளிக் செய்தால் இரண்டு கிளிக்குக்கும் நடுவில் ஒரு டீ குடித்து விடலாம்!

இதற்கு ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. 1990-ல் விண்டோஸ் 3.0 வந்தபோது அதனுடன் சாலிட்டேர் என்ற சீட்டு விளையாட்டும் வந்தது. மவுஸ் அப்போது பலருக்குப் புதுப்பொருள். சீட்டைப் பிடித்து இழுத்து வேறு இடத்தில் விடுவதற்கு அந்த விளையாட்டே பயிற்சி கொடுத்தது. எழுதியவர் வெஸ் செர்ரி. அப்போது அவர் மைக்ரோசாப்டில் பயிற்சிக்கு வந்த மாணவர். மேலதிகாரி வந்தால் ஒரு கீயைத் தட்டி ஆபீஸ் வேலை செய்வது போலத் திரையை மாற்றிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார். மைக்ரோசாப்ட் அதை நீக்கச் சொல்லிவிட்டது. சீட்டுகளின் படங்களை வரைந்தவர் சூசன் கேர்.

இன்று அந்தக் குடும்பத்தின் ஐந்து விளையாட்டுகள் மைக்ரோசாப்ட் சாலிட்டேர் கலெக்‌ஷன் என்ற ஒரே புரோகிராமில் உள்ளன. புதியவர்களுக்கு நான் சொல்வது அதில் உள்ள பிரமிட். இழுக்க வேண்டாம், கிளிக் செய்தால் போதும். ஜோடி சேர்ப்பதுதான் முழு விளையாட்டும்.

ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து, தேடும் கட்டத்தில் சாலிட்டேர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். இல்லையென்றால் மைக்ரோசாப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். அதே பெயரில் வேறு பலவும் அங்கே இருக்கும் என்பதால் வெளியிட்டது மைக்ரோசாப்ட் தானா என்று பார்த்து இன்ஸ்டால் செய்யவும். நடுநடுவே விளம்பரம் வரும். பணம் கட்டினால் விளம்பரம் வராது என்பார்கள். பழகுவதற்கு அது தேவையே இல்லை.

பிரமிடைத் திறந்தால் ஏழு வரிசைகளில் 28 சீட்டுகள் இருக்கும். மேலே ஒன்று, அதன் கீழே இரண்டு, கடைசி வரிசையில் ஏழு. மீதி 24 சீட்டுகள் கட்டாக இருக்கும். கூட்டினால் 13 வரும் இரண்டு சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளிக் செய்தால் இரண்டும் மறையும். ஏஸுக்கு 1, ஜாக்கிக்கு 11, ராணிக்கு 12. ராஜா தனியாகவே 13, அதனால் ஜோடி வேண்டாம், ஒரு கிளிக்கில் போய்விடுவார். கலர், ஆட்டின், கிளாவர் எதையும் பார்க்க வேண்டாம். கீழ் வரிசைச் சீட்டு எதுவும் மேலே மூடாமல் இருக்கும் சீட்டைத்தான் எடுக்க முடியும். பிரமிட் முழுவதும் காலியானால் வெற்றி.

ஒரு உதாரணம் பார்ப்போம். கடைசி வரிசையில் இடமிருந்து வலமாக 5, ராஜா, 9, ஜாக்கி, 8, 4, ஏஸ் இருக்கின்றன. முதலில் ராஜாவைக் கிளிக் செய்யுங்கள். பிறகு 5, 8. பிறகு 9, 4. இப்போது ஜாக்கியும் ஏஸும் மட்டுமே மிச்சம். ஆறாவது வரிசையில் இடப்பக்கம் இருந்து முதல், இரண்டாவது, ஐந்தாவது சீட்டுகள் திறந்துவிட்டன. ஜாக்கியை எடுக்க ஒரு 2, ஏஸை எடுக்க ஒரு ராணி வேண்டும். புதிதாகத் திறந்த மூன்றில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கட்டில் இருந்து சீட்டு எடுக்கலாம். ஆனால் கட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டே இருக்க முடியாது, அதற்குக் கணக்கு உண்டு.

கண்ணில் பட்ட ஜோடியை எல்லாம் உடனே எடுத்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். காரணம் இதுதான். ஒவ்வொரு எண்ணிலும் நான்கு சீட்டுகளே உண்டு. பிரமிடுக்குள் ஒரு 8-ன் மேல் ஒரு 5 உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 5-ஐ எடுக்க அதற்கு அடியில் இருக்கும் 8 உதவாது, ஏனென்றால் 5 போன பிறகுதான் அது திறக்கும். வெளியில் இருக்கும் மற்ற மூன்று 8-களில் ஒன்று வர வேண்டும். அந்த மூன்றையும் வேறு 5-களுக்குக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. எனவே ஆரம்பத்திலேயே பிரமிடை ஒருமுறை பார்த்து, எந்தச் சீட்டு தன் ஜோடியையே அழுத்திக்கொண்டிருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளவும். நிதானம் வேண்டிய இடம் இது ஒன்றுதான். தவறாக எடுத்துவிட்டால் அன்டூ பட்டன் இருக்கிறது, வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். இரண்டு ஜோடி எடுக்கலாம் என்றால், பிரமிடில் அதிகச் சீட்டுகளைத் திறந்துவிடும் ஜோடியை எடுங்கள். கட்டில் இருந்து வந்த இரண்டு சீட்டுகளை ஜோடி சேர்ப்பது கடைசி வழி.

சீட்டாட்டம் என்றதும் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அவர்கள் பயமும் நியாயமானதே. போனில் பணம் கட்டி ரம்மி ஆடிச் சம்பளத்தை இழந்தவர்களை ஷிப்டுக்குப் போகும் பலருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 2022-ல் இதற்காகத் தனிச் சட்டம் வந்தது. ரம்மியையும் போக்கரையும் அதில் சேர்த்தது செல்லாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பிரமிடில் எதிராளி இல்லை, பந்தயமும் இல்லை. பணம் ஜெயிக்கலாம் என்று எந்தத் திரையிலாவது விளம்பரம் வந்தால் அதைத் தொடாமல் மூடிவிடவும். பிள்ளைகள் உட்காரும்போது பக்கத்தில் இருந்து ஒருமுறை காட்டிக் கொடுங்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 13-க்கு எத்தனை குறைகிறது என்று கேட்டால், கூட்டலும் சேர்ந்து வரும்.

ஒரு வாரம் பிரமிட் ஆடினால் அம்புக்குறி சொன்ன இடத்தில் நிற்கும். அடுத்து அதே புரோகிராமில் கிளாண்டைக் இருக்கிறது. அதுதான் 1990-ல் வந்த அசல் ஆட்டம். சீட்டின் மேல் இடது பட்டனை அழுத்தி, விரலை எடுக்காமல் இழுத்துச் சென்று, சேர வேண்டிய சீட்டின் மேல் கொண்டுபோய் விடுங்கள். பைல்களை ஒரு போல்டரில் இருந்து இன்னொரு போல்டருக்கு மாற்றுவதும் இதே கை அசைவுதான்.