உமிச்சாம்பலில் ஒரு சாந்து
காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி, 1990இல் போரால் நின்றுபோனது. அதற்காகச் சுண்ணக்கல் வெட்டிய பள்ளங்கள் இன்றும் வாய்பிளந்து கிடக்கின்றன. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழைநீரைப் பிடித்துவைத்துக் கிணறுகளுக்குக் கொடுப்பதும் அதே சுண்ணக்கல்தான். அதை வெட்டாமலே சாந்து குழைக்க வழியிருக்கிறது என்பதால் சாம்பல் ஆராய்ச்சி இங்கே கவனிக்கத்தக்கது.

சீமெந்து செய்யச் சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 பாகை வெப்பத்தில் சுடவேண்டும். எரிபொருளின் புகை ஒருபுறம். வேகும் கல்லே வெளிவிடும் காபனீரொட்சைட்டு மறுபுறம். சாம்பலோ ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து பறக்கும் சாம்பலில் சிலிக்காவும் அலுமினாவும் பெரும்பாலும் கண்ணாடி நிலையில் இருக்கின்றன. சோடியம் ஐதரொட்சைட்டு என்ற காரத்தின் கரைசல் பட்டால் அந்தக் கண்ணாடி கரையும். கரைந்த சிலிக்கனும் அலுமினியமும் ஒட்சிசனால் இணைந்து புது வலைப்பின்னலாக இறுகும். 1970களில் இதற்கு ஜியோபொலிமர் என்று பெயரிட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் டாவிடோவிட்ஸ்.

உமிக்கு வருவோம். 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி; அதை எரித்தால் நாலு கிலோ சாம்பல். நன்றாக எரிந்திருந்தால் அதில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. உமிக்கரியால் பல் துலக்கியவர்களுக்கு அந்தக் கரகரப்பு தெரியும். ஆனால் எல்லா உமிச்சாம்பலும் உதவாது. 500 முதல் 700 பாகைக்குள் எரிந்தால் சிலிக்கா எளிதில் கரையும்; சூடு அதற்கு மேலே போனால் படிகமாகி முரண்டுபிடிக்கும். நெல் ஆலைக் கொதிகலனில் அவ்வளவு கணக்குப் பார்த்து யார் எரிக்கிறார்கள்? கறுப்பாக வரும் சாம்பலில் எரியாத கரி மிச்சமிருந்து கலவைத் தண்ணீரைக் குடித்துவிடும். அலுமினாவும் அதில் சொற்பம். ஆகவே பறக்கும் சாம்பலோடு சேர்ப்பதே முறை. உமிச்சாம்பலைக் காரத்தில் கரைத்தால் கலவையில் சேர்க்கும் சோடியம் சிலிக்கேற்றும் கிடைக்கும்; கடையில் அதை விலைகொடுத்து வாங்கும் செலவு குறையும்.

சிக்கல் காரத்தில்தான். அதைத் தயாரிக்க மின்சாரம் நிறைய வேண்டும். கையில் பட்டால் தோல் வெந்துவிடும். மேசன்மார் வெறுங்கையால் தொடும் சாந்தல்ல இது. தவிர, பறக்கும் சாம்பல் கலவை விரைவில் இறுக 60 முதல் 80 பாகைச் சூடு தேவை. யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலும் அதற்குப் போதாது. அதனால் சுவர் கட்டும் இடத்தைவிட, கல் அரியும் பட்டறையே இதற்கு ஏற்ற முதலிடம் என்பேன். அங்கே கையுறை போட்டு அளந்து கலக்கலாம், அச்சிலிருந்து எடுத்த கற்களை ஓர் அறையில் அடைத்துச் சூடேற்றலாம்.