மரக்கிளையில் வாழும் ஆர்க்கிட்

மாமரக் கிளையில் வளரும் வாண்டா என்னும் ஆர்க்கிட் செடியைப் புல்லுருவி என்று கருதிப் பலர் வெட்டியெறிகின்றனர். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். வாண்டாவோ கிளையில் இடம் மட்டுமே கொள்ளும். மழைநீரையும் அதில் கரைந்துவரும் சத்துகளையும் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும்.

மாணவர்களே, இதனை ஏட்டளவில் அறிந்திருந்த நானே, புயலில் வீழ்ந்த ஒரு செடியை எருவிட்ட மண்தொட்டியில் நட்டு, இருவேளையும் நீர் வார்த்தேன். வேர் அழுகிச் செடி மாண்டது.

அவ்வேரைச் சுற்றிப் பஞ்சு போன்றதோர் உறை உண்டு; வெலாமன் என்பர். நீரை விரைந்து உறிஞ்சும் அவ்வுறை, பின்னர்க் காற்றில் உலர்தல் வேண்டும். மண்ணுள் அதற்கு வழியேது? அடுத்த செடியை மரக்கட்டையில் தென்னை நாரால் பிணைத்து, இளவெயிலில் தொங்கவிட்டேன். நனைந்த வேர் பசுமையாகும். உலர்ந்தது வெள்ளிநிறம் பெறும். அந்நிறம் கண்ட பின்னரே, காலையில், நீர் தெளித்தல் நன்று.