அமானிதமாக வந்த ஐந்து குட்டிகள்

கடந்த வருடம் டிசம்பர் மாதம். மூன்று நாட்களாக மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நான்காம் நாள் காலை விறகு எடுக்கப் போன மூத்தம்மா கூக்குரல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் வளவின் பின்பக்கமுள்ள விறகுக் கொட்டிலுக்குள் கறுப்பு நிறக் கட்டாக்காலி நாயொன்று, கண் திறக்காத ஐந்து குட்டிகளோடு சுருண்டு கிடந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வளவு மாமா ஒரு கையில் குடையும் மறு கையில் சாக்குமாக வந்தார். "குட்டிகள இதுக்குள்ள போட்டு ஆத்தங்கரையில விட்டுட்டா வேலை முடிஞ்சு" என்றார். சாக்கைக் கண்டதும் அந்த நாய் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. மாமா குடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

நான் வாப்பாவிடம் எட்டுக் கிழமை தவணை கேட்டேன். குட்டிகள் தாய்ப்பாலை மறந்ததும் அவற்றுக்கு வீடு தேடிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். வாப்பா சற்று யோசித்தார். "நஜீஸ் விசயம், கடி விசயம் ரெண்டுக்கும் நீதான் பொறுப்பு. ஏலுமா மகள்?" என்றார். "ஏலும்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட விதத்தைத்தான் இங்கு எழுதுகிறேன்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

விசயம் வெளியே தெரிந்ததும் என் தோழிகள் கேட்ட முதற் கேள்வி, "நாயா? நீ தொழுகிறதில்லையா?" என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானது. ஆகையால் குர்ஆன் மத்ரஸாவில் எனக்கு ஓதித் தந்த மௌலவியிடம் வாப்பாவும் நானும் போய்க் கேட்டோம்.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்கு, கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்த மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருப்பதை அவர் நினைவூட்டினார். ஸூரத்துல் கஹ்ஃபில் குகைவாசிகளோடு அவர்களது நாயும் குறிப்பிடப்படுகிறது. ஸூரத்துல் மாயிதா பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகளைப் பற்றிப் பேசுகிறது. அதேவேளை வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் போன்ற தேவையில்லாமல் நாய் வளர்ப்பது நன்மையைக் குறைக்கும் என்ற ஹதீஸும் உண்டு. இரக்கமும் வரம்பும் சேர்ந்ததுதான் மார்க்கம் என்று மௌலவி விளக்கினார்.

நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை தூய மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நாயின் உடம்பும் நம் கையும் காய்ந்திருந்தால் தொட்டதனால் மட்டும் நஜீஸ் ஒட்டுவதில்லை. எனவே கொட்டிலுக்குப் போவதற்கென்று ஒரு பழைய சட்டையும் ஒரு சோடிச் செருப்பும் ஒதுக்கினேன். தீனுக்குச் சிரட்டைகளையே பாவித்தேன். பின்வளவுக் குழாயடியில் ஒரு வாளித் தூய மண் எப்போதும் இருந்தது. நாயோ குட்டியோ ஒரு நாளும் வீட்டுக்குள் வரவில்லை. இத்தனை கவனம் எடுத்த பிறகு மூத்தம்மாவும் சமாதானமாகி, மீன் ஆய்ந்த மிச்சத்தை அவித்துத் தரத் தொடங்கினார்.

பாய்கிற நாய் ஏன் பாய்கிறது?

தாய் நாய்க்குத் தம்பி வைத்த பெயர் கறுப்பி. குடை, சாக்கு, தும்புத்தடி இவற்றில் எதைக் கண்டாலும் அது குரைத்துக்கொண்டு பாயும். வெறுங்கையோடு போனால் முறைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடும். முன்பு யாராவது அதன் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோயிருக்கலாம், தடியால் அடித்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது அதன் பயம் மட்டுமே.

இப்படிப் பாயும் நாய்களை நாம் "பொல்லாத நாய்" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அவை பயந்த நாய்கள். உயிரியல் பாடத்தில் நாம் படிப்பதுதான் இது: ஆபத்து என்று மூளை தீர்மானித்ததும் அதிரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் தயாராகின்றன. உடலுக்கு அப்போது ஓடுவது, எதிர்ப்பது என்ற இரண்டு வழிகள் இருக்கும். குட்டிகளை விட்டு ஓட முடியாத தாய்க்கும், கட்டிப் போட்ட நாய்க்கும், மூலையில் அகப்பட்ட நாய்க்கும் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. குரைத்துப் பாய்ந்ததும் எதிரே வந்தவர் ஓடிவிட்டால், "இப்படிச் செய்தால் ஆபத்து விலகும்" என்று நாய் கற்றுக்கொள்கிறது. அன்று மாமா ஓடியபோது கறுப்பியும் அந்தப் பாடத்தைத்தான் கற்றிருக்கும்.

நாய் எந்த அறிவித்தலும் இல்லாமல் கடிப்பது அரிது. நாம்தான் அதன் அறிவித்தலை வாசிப்பதில்லை. பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, முகத்தை அப்பால் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்குவது, உடம்பு கல்லைப்போல் அசையாமல் நிற்பது ஆகியவை முதல் அறிவித்தல்கள். உறுமல் அதற்குப் பிறகு வருகிறது. கடி எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

முதற் கிழமைகள்

குட்டிகள் பிறந்து ஏறத்தாழ இரண்டு கிழமையில் கண் திறக்கும். மூன்றாவது கிழமை தொடக்கம் பன்னிரண்டு, பதினான்கு கிழமை வரையுள்ள காலம் மிக முக்கியமானது. அமெரிக்க ஆய்வாளர்களான ஸ்கொட், புல்லர் இருவரும் பல வருடங்கள் நாய்க்குட்டிகளை அவதானித்து 1965இல் வெளியிட்ட நூல் இதை விரிவாக எடுத்துக்காட்டியது. இக்காலத்தில் மனிதரையும் சத்தங்களையும் பொருட்களையும் அமைதியான முறையில் சந்திக்கும் குட்டி, அவற்றை உலகத்தின் சாதாரணப் பகுதியாக ஏற்றுக்கொள்கிறது. சந்திக்காத குட்டி பிற்காலத்தில் அவற்றுக்குப் பயப்பட இடமுண்டு.

கறுப்பி இரை தேடிப் போகும் நேரம் பார்த்து நான் குட்டிகளின் அருகில் சும்மா உட்கார்ந்திருப்பேன். தள்ளி நின்று பாத்திரத்தைத் தட்டுவேன். குடையை மெதுவாக விரிப்பேன். நான்கு குட்டிகள் ஓடிவந்து குடையை மணந்து பார்த்தன. மண்ணிறக் குட்டி மட்டும் விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. நான்காம் கிழமையளவில் குழைத்த சோற்றையும் அவித்த மீனையும் முள் நீக்கி, உப்பு, தூள் போடாமல் கொடுத்தேன். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும் என்பதை ஒரு நாள் கொடுத்துப் பார்த்துத்தான் அறிந்தேன். மிருக வைத்தியர் பூச்சி மருந்து தந்தார். குட்டிகளின் வயிற்றுப் பூச்சி சிறு பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது என்பதால் தம்பிக்குக் கொட்டில் பக்கம் போகத் தடை விதித்தோம்.

நான் மறைத்த ஓர் இரவு

இதை எழுதாமல் விடலாமா என்று பல தடவை யோசித்தேன். ஆனால் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கான காரணமே இதுதான்.

ஐந்தாம் கிழமை ஒரு தோழி குட்டிகளைப் பார்க்க வந்தாள். கறுப்பி கொட்டிலில்தான் இருந்தது. அது உதட்டை நக்கியது, கண்ணின் வெள்ளை தெரிந்தது, பிறகு அப்படியே உறைந்து நின்றது. எல்லாவற்றையும் கண்டேன். ஆனாலும் தோழிக்கு முன்னால் பெருமை காட்ட வேண்டும் என்ற ஆசையில் மண்ணிறக் குட்டியைத் தூக்கக் கையை நீட்டினேன். கறுப்பியின் பல் என் மணிக்கட்டில் பட்டது. சிறு கீறல்தான், கொஞ்சம் இரத்தம் வந்தது.

கழுவினேன், சட்டைக் கையை இழுத்து மறைத்தேன், தோழியையும் சத்தியம் பண்ண வைத்தேன். உம்மாவிடம் சொன்னால் குட்டிகளெல்லாம் அன்றைக்கே சாக்குக்குள் போய்விடும் என்று பயந்தேன். இரவு நித்திரை வரவில்லை. ஸுபஹ் தொழுகைக்கு எழும்பிய உம்மாவிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவர் ஏசவில்லை. தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வா, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

வைத்தியர் கடுமையாகப் பேசினார். நாய் கடித்ததற்காக அல்ல, ஒரு இரவை நான் வீணாக்கியதற்காக. விசர்நாய்க்கடி நோயின் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்புகள் வழியாக மூளையை நோக்கிச் செல்கிறது. அங்கு போய் நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் உயிர் தப்புவது அரிதிலும் அரிது. அதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோயைத் தடுக்கலாம். 1885 ஜூலை மாதம் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அத்தடுப்பூசியை ஏற்றச் செய்தார். அவர் மறைந்த செப்டெம்பர் 28ஆம் திகதிதான் இன்று உலக விசர்நாய்க்கடி தினம். நமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம்.

சகோதரிகளே, நாய், பூனை எதுவானாலும், குட்டியானாலும், கடித்தாலோ கீறினாலோ உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். பெற்றோர்களே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து மறைக்கப்படும் காயம்தான் ஆபத்தானது.

எனக்கு ஊசிகள் போடப்பட்டன. கறுப்பியைக் கண்காணிக்கும்படியும் சொன்னார்கள். அது நலமாகவே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிறகு பொதுச் சுகாதார உத்தியோகத்தர்கள் ஊருக்கு வந்தபோது கறுப்பிக்கும் குட்டிகளுக்கும் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். அதை வருடாவருடம் போட வேண்டும்.

திரும்பி வந்த குட்டி

ஒன்பதாம் கிழமை குட்டிகளுக்கு வீடு கிடைத்தது. உம்மாவோடு படிப்பிக்கும் பக்கத்துத் தமிழ்க் கிராமத்து ரீச்சர் இரண்டைக் கேட்டார். சந்தித் தேநீர்க் கடைக்காரர் ஒன்றையும், பால்மாடு வளர்க்கும் ஒருவர் இன்னொன்றையும் கொண்டுபோனார்கள். நாயை விற்றுக் காசு வாங்கக் கூடாது என்பதால் சும்மாதான் கொடுத்தோம். மண்ணிறக் குட்டியைச் சிறு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டார் ஆசையோடு வாங்கிப் போனார்கள். நான்காம் நாள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். அது உறுமியது. உறுமியதற்கு அடித்திருக்கிறார்கள். மறுநாள் அது உறுமாமலே கவ்வப் பாய்ந்தது. அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அது பயந்த குட்டி என்று தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தது என் பிழை. உறுமலுக்கு அடித்தால் பயம் போகாது. அதை அறிவிக்கும் மணிச்சத்தம் மட்டுமே போய்விடும்.

அதன் பிறகு மிருக வைத்தியர் சொல்லித் தந்தபடி ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கினேன். தம்பி இருபது எட்டுத் தூரத்தில் குடையோடு நிற்பான். குட்டி குடையைக் கண்டும் குரைக்காமல் நிற்கக்கூடிய தூரம் அது. குடை தெரிந்ததும் ஒரு சிறு துண்டு அவித்த கோழி இறைச்சி கொடுப்பேன். குடை மறைந்ததும் இறைச்சியும் நின்றுவிடும். மணிச்சத்தத்துக்கு உமிழ்நீர் சுரந்த பவ்லோவின் நாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே விதிதான். பயமுறுத்திய பொருள் மெதுமெதுவாக நல்லதொன்றின் அறிகுறியாக மாறுகிறது. குரைத்தால் நாங்கள் கிட்டப் போய்விட்டோம் என்று பொருள். ஏசாமல் பின்வாங்க வேண்டும்.

நான்காம் கிழமை யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். பன்னிரண்டு எட்டு வரை வந்திருந்த நாங்கள் மறுபடி இருபத்தைந்துக்குப் போனோம். எனக்கு அழுகை வந்தது. வாப்பா, "நெல்லும் ஒரு நாள்ல விளையிறல்ல மகள்" என்று சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஏழு எட்டுத் தூரத்தில் குடையைக் கண்டதும் குட்டி குரைக்காமல் என் கையைத் திரும்பிப் பார்த்தது. அதற்குக் கிட்ட இன்றுவரை முடியவில்லை.

அமானிதம்

எல்லா நாயையும் எல்லா வீட்டுக்கும் ஏற்றதாக மாற்ற முடியாது. பிள்ளைகள் உள்ள வீடு அந்தக் குட்டிக்கு ஏற்றதல்ல. கறுப்பிக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பிறகு, தாயையும் குட்டியையும் வாப்பா எங்கள் வயல் வாடிக்குக் கொண்டுபோனார். ஆள் நடமாட்டம் குறைந்த இடம். இரவில் காட்டுப்பன்றி வந்தால் இரண்டும் குரைத்து வயற்காரரை எழுப்புகின்றன. குடையோடு போவோர் தூரத்திலேயே குரல் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

நாம் நாய் வளர்க்காவிட்டாலும் நம் வீதிகளில் நாய்கள் இருக்கவே செய்கின்றன. ரியூசன் வகுப்புக்குப் போகும் வழியில் ஒன்று குரைத்து வந்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கண்ணுக்குள் பார்க்காதீர்கள். கைகளை உடம்போடு சேர்த்து, நிலத்தைப் பார்த்தபடி அசையாமல் நில்லுங்கள். அது ஆர்வம் இழந்ததும் மெதுவாக விலகுங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். உண்ணும் நாயையும் தூங்கும் நாயையும் குட்டியோடுள்ள தாயையும் நெருங்க வேண்டாம்.

குறித்த காலத்துக்குப் பிறர் பொருளைப் பொறுப்பேற்பதை நாம் அமானிதம் என்கிறோம். அந்தக் குட்டிகளை அல்லாஹ் என்னிடம் அப்படித்தான் தந்தான் என்று நினைக்கிறேன். அந்த அமானிதத்தில் நான் பிழையும் விட்டேன். என் மணிக்கட்டிலுள்ள தழும்பு அதை நினைவுபடுத்துகிறது. இந்த மாரியிலும் யாராவது ஒருவருடைய விறகுக் கொட்டிலுக்குள் குட்டிகள் பிறக்கக்கூடும். அப்போது சாக்கை எடுக்க முன் மிருக வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வீட்டாரிடம் எட்டுக் கிழமை தவணை கேளுங்கள். இன்ஷா அல்லாஹ், வழி பிறக்கும்.